எம்ஸ் தந்தியும் சொற்சிக்கனமும்

சென்ற இதழில் கவிதையின் சொற்செட்டு பற்றி வந்த கடிதங்களில் அபிப்ராய பேதம் நிறைய இருந்தது. ஆனால் அடியில் எல்லோருக்கும் பொதுவான ஒரு நம்பிக்கையும் இருந்தது. தேவையற்றதை வெட்ட வெட்ட எழுத்து உண்மைக்கு அருகில் போகும் என்பது அது. ‘எழுத்து’ பத்திரிகையின் காலத்திலிருந்து நம் வட்டத்தில் இது ஏறக்குறைய ஒரு மத நம்பிக்கை. வாரப் பத்திரிகைகளின் வழவழா கொழகொழா வசனத்தை எதிர்த்து நின்றவர்களுக்கு அப்படி ஒன்று தேவைப்பட்டது. புதுமைப்பித்தன் தம் நடையைத் தவளைப் பாய்ச்சல் என்று சொல்லிக்கொண்டார். அந்தப் பாய்ச்சலைப் பார்த்து ஒரு தலைமுறை எழுதக் கற்றுக்கொண்டது. இதையெல்லாம் நான் மறுக்கவில்லை. வெட்டுவது தன்னளவிலேயே நேர்மையான காரியம் என்று எடுத்துக்கொள்ளலாமா என்பதுதான் என் கேள்வி.

இதற்குக் கவிதைக்குள்ளேயே விடை தேடினால் ரசனைச் சண்டையில்தான் போய் முடியும். ஆகவே வெளியிலிருந்து ஒரு பிரதியை எடுத்துக்கொள்கிறேன். 1870 ஜூலை 13ஆம் தேதி பெர்லினில் வெளியான ஒரு செய்தி. மொத்தம் இரண்டு வாக்கியம். வெளிவந்த ஆறாம் நாள் பிரான்ஸ் பிரஷ்யாமீது யுத்தப் பிரகடனம் செய்தது. சரித்திரப் புத்தகங்களில் இதற்கு எம்ஸ் தந்தி என்று பெயர். சரித்திர மாணவர்கள் இதை ராஜதந்திரமாகப் படிக்கிறார்கள். நாம் ஒரு கவிதையை அலசுவதுபோல் இதை அலசிப் பார்க்கலாம் என்பது என் உத்தேசம்.

1

முதலில் சம்பவம். சுருக்கத்தின் அபாயம் பற்றிப் பேச வந்தவனும் சுருக்கித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஸ்பெயினின் ராணி இரண்டாம் இசபெல்லா 1868இல் நாட்டைவிட்டு ஓட நேர்ந்தது. காலியான சிம்மாசனத்துக்கு ஆள் தேடியவர்கள், ஹோஹென்ஸோலெர்ன் வம்சத்தின் ஒரு கிளையைச் சேர்ந்த இளவரசர் லியோபோல்டிடம் போனார்கள். அந்த வம்சத்தின் தலைவர் பிரஷ்ய அரசர் முதலாம் வில்ஹெல்ம். 1870 ஜூலை ஆரம்பத்தில் விஷயம் வெளியே தெரிந்ததும் பாரிஸ் கொதித்தது. தங்களுக்கு இரண்டு பக்கமும் ஒரே குடும்பம் உட்காருவதா என்று கேட்டார்கள். ஜூலை 6ஆம் தேதி வெளியுறவு மந்திரி கிராமோன் சட்டசபையில் பேசியது கிட்டத்தட்ட ஒரு யுத்த மிரட்டல். 12ஆம் தேதி லியோபோல்டின் தந்தை, மகன் சார்பில், வேட்பை வாபஸ் வாங்கிவிட்டார். பிரான்ஸ் ஜெயித்தாகிவிட்டது. கிராமோனுக்கு அது போதவில்லை. இனி எக்காலத்திலும் இப்படியொரு வேட்புக்குச் சம்மதம் தர மாட்டேன் என்று அரசரிடமே வாக்குறுதி வாங்கும்படி தூதர் பெனடெட்டிக்கு உத்தரவு போனது.

அரசர் அப்போது எம்ஸ் என்ற ஊரில், வெந்நீர் ஊற்றுகளுக்குப் பெயர்போன இடத்தில், ஓய்வெடுத்துக்கொண்டிருந்தார். 13ஆம் தேதி காலை அவர் உலாவிக்கொண்டிருந்தபோது பெனடெட்டி போய்ப் பேசினார். அரசர் மறுத்தார். வாபஸ் பற்றித் தமக்கு இன்னும் நேரடியாகத் தகவல் வரவில்லை என்றும் சொன்னார். பிற்பாடு அந்தத் தகவல் கடிதமாக வந்து சேர்ந்தது. இனிப் பேச ஒன்றுமில்லை என்று தம் அட்ஜுடண்ட் மூலம் தூதருக்குச் சொல்லியனுப்பினார். மறுநாள் எம்ஸ் ரயில் நிலையத்தில் இருவரும் மரியாதையாகவே விடைபெற்றுக்கொண்டார்கள். எம்ஸில் அவமதித்தவரும் இல்லை, அவமதிக்கப்பட்டவரும் இல்லை என்பதே பெனடெட்டி பிற்காலத்தில் சொன்னதன் சாரம்.

அரசருடன் இருந்த வெளியுறவுத் துறை அதிகாரி ஆபெகன், நடந்ததை பெர்லினில் இருந்த பிஸ்மார்க்குக்குத் தந்தியடித்தார். இந்தப் புதிய கோரிக்கையையும் அது நிராகரிக்கப்பட்டதையும் நம் தூதரகங்களுக்கும் பத்திரிகைகளுக்கும் தெரிவிப்பதா என்பதை அரசர் உங்கள் யோசனைக்கு விடுகிறார் என்று தந்தி முடிந்தது. ஆக, வெளியிடும் அனுமதி முறையாகவே வந்திருந்தது. பிஸ்மார்க் வெட்டத் தொடங்கினார்.

2

ஆபெகனின் தந்தியையும் பிஸ்மார்க்கின் சுருக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் முதலில் கண்ணில் படுவது குரல்களின் எண்ணிக்கை. மூலத்தில் மூன்று குரல்கள். முதலில் அரசரே தன்மையில் பேசுகிறார்: தூதர் வழிமறித்தார், போகப்போக மிகவும் நச்சரித்தார், கடைசியில் சற்றுக் கடுமையாகவே மறுத்தேன், எனக்கு முன்பே உங்களுக்குத் தகவல் வந்திருக்கிறதே என்றும் சொன்னேன் என்கிறார். அடுத்து ஆபெகனின் குரல்: அதன்பின் கடிதம் வந்தது, ஆகவே இப்படி முடிவு செய்யப்பட்டது. மூன்றாவது, பிஸ்மார்க்குக்கான குறிப்பு. பிஸ்மார்க்கின் பிரதியில் ஒரே குரல். அது யாருடைய குரலும் இல்லை. செய்தியின் குரல்.

இரண்டாவது, காலம். மூலத்தில் காலையும் உண்டு, பிற்பகலும் உண்டு. நடுவில் ஒரு கடிதம் வருகிறது. அந்தக் கடிதம்தான் முழுச் சம்பவத்தின் கீல். தகவலுக்குக் காத்திருக்கிறேன் என்று காலையில் சொன்ன அரசர், தகவல் வந்துவிட்டதால் மறுபடி பார்க்க வேண்டியதில்லை என்று சொல்லியனுப்புகிறார். தூதரின் நச்சரிப்பும் அதற்கு ஒரு காரணமென்று மூலம் ஒளிக்காமல் சொல்கிறது. பிஸ்மார்க் கடிதத்தை எடுத்துவிட்டார். கீல் போனதும் கதவு அறைந்து சாத்தப்படுகிறது. தூதர் இப்படிக் கேட்டார் என்று ஒரு வாக்கியம். அதன்பேரில் அரசர் அவரை மீண்டும் சந்திக்க மறுத்து, சொல்வதற்கு மேற்கொண்டு ஒன்றுமில்லை என்று அட்ஜுடண்ட் மூலம் தெரிவித்தார் என்று அடுத்த வாக்கியம். ‘அதன்பேரில்’ என்ற அந்த ஒரு சொல் மூலத்தில் இல்லை. கடிதம் இருந்த இடத்தில் அது வந்து உட்கார்ந்திருக்கிறது.

மூன்றாவது விஷயம்தான் நம்மைப் போன்றவர்களைச் சங்கடப்படுத்த வேண்டியது. ‘மிகவும் நச்சரித்தார்’, ‘சற்றுக் கடுமையாக’ என்ற அடைமொழிகள் மூலத்தில் இருந்தவை. பிஸ்மார்க் அவற்றையும் வெட்டிவிட்டார். சூடேற்ற நினைப்பவன் அடைமொழிகளைக் கூட்டுவான் என்றுதான் நாம் எதிர்பார்ப்போம். அவர் குறைத்தார், பிரதி மேலும் மூர்க்கமாயிற்று. எரிச்சல்பட்ட ஒரு கிழவரை நாம் புரிந்துகொண்டுவிடலாம். எரிச்சலின் சுவடே இல்லாமல் கதவைச் சாத்தும் அரசரை எதிராளியால் மன்னிக்க முடியாது. அடைமொழியை வெட்டு, விளக்கத்தை வெட்டு, நிகழ்ச்சியை மட்டும் வை என்று நாம் இளம் எழுத்தாளர்களுக்குச் சொல்லும் புத்திமதிகள் அனைத்தும் இந்தப் பிரதியில் கடைப்பிடிக்கப்பட்டிருக்கின்றன. பி.ஏ. வகுப்பிலும் வங்கிப் பரீட்சைகளிலும் பிரெசி எழுதப் பழக்குவார்களே, அந்தக் கணக்கில் பிஸ்மார்க்குக்கு முழு மார்க் கொடுக்க வேண்டியிருக்கும்.

எம்ஸில் அந்தச் சந்திப்பு நடந்த இடத்தில் ஒரு கல் பதித்திருக்கிறார்கள். 1870 ஜூலை 13, காலை 9 மணி 10 நிமிடம் என்று நிமிடக் கணக்கோடு அதில் பொறித்திருக்கிறது. கடிதம் வந்த நேரத்தை யாரும் அங்கே பொறிக்கவில்லை. கல்லும் பிஸ்மார்க்கின் பிரதியைத்தான் படித்திருக்கிறது.

3

பிஸ்மார்க்கின் நினைவுக் குறிப்புகள் அவர் இறந்த 1898இல் வெளிவந்தன. அன்று மாலை தளபதி மோல்ட்கேயும் யுத்த மந்திரி ரோனும் தம்முடன் சாப்பிட்டுக்கொண்டிருந்ததை அவர் அதில் விவரிக்கிறார். மூலத் தந்தியைக் கேட்டு இருவரும் சோர்ந்துபோனார்களாம். சுருக்கிய வடிவத்தைக் கேட்டதும் சாப்பாட்டு ஆசை திரும்பிவிட்டதாம். தாம் எதையும் சேர்க்கவில்லை, மாற்றவில்லை, வெட்டியது மட்டும்தான் என்கிறார். இது உண்மையில்லை என்று இரண்டு பிரதிகளையும் படிப்பவர் கண்டுகொள்ளலாம். ‘அதன்பேரில்’ சேர்த்தது. ஸ்பெயின் அரசு வாபஸை அதிகாரபூர்வமாக பிரான்ஸுக்குத் தெரிவித்த பிறகும் என்ற முன்பகுதி சேர்த்தது. ‘ஓர் அட்ஜுடண்ட்’ என்றிருந்தது ‘பணியிலிருந்த அட்ஜுடண்ட்’ ஆனதும் மாற்றியதுதான். வெட்டினேன், அவ்வளவே என்பது எடிட்டர்கள் எப்போதும் சொல்லிக்கொள்வது. பிஸ்மார்க்கை ஒரு நாடகாசிரியராகவே பார்த்து லாங்கர் என்ற அமெரிக்க சரித்திராசிரியர் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். அந்தச் சாப்பாட்டு மேஜைக் காட்சியையும் அப்படித்தான் படிக்க வேண்டும்.

இங்கே வேறொரு சபலம் காத்திருக்கிறது. ஒரு தனி மனிதன் ஒரு பென்சிலால் ஐரோப்பாவைக் கொளுத்தினான் என்று நம்பிவிடுவது சுகமாக இருக்கும். எழுதுகிறவர்களுக்கு இது கூடுதல் சுகம். சொல்லுக்கு அத்தனை பலம் என்று பெருமைப்பட்டுக்கொள்ளலாம். ஆனால் வெட்டப்பட்ட பிரதியை முழுமை என்று வாங்கிக்கொள்ள ஆட்கள் தயாராக இருந்தார்கள் என்பதுதான் விஷயம். அன்றிரவே ‘நார்ட்டாய்ச்ச அல்கமைன ஸைட்டுங்’ என்ற பத்திரிகை சிறப்புப் பதிப்பு போட்டு பெர்லின் தெருக்களில் இலவசமாக வினியோகித்தது. பிஸ்மார்க்கின் ஊதுகுழல் என்று பெயரெடுத்த பத்திரிகை அது. ஹானோவர் அரச குடும்பத்திடமிருந்து பறித்த சொத்தின் வருமானத்தைப் பத்திரிகைகளுக்கு ரகசியமாகக் கொடுத்துவந்தவர் பிஸ்மார்க். வோல்ஃப் செய்தி நிறுவனம் பிரஷ்ய அரசின் பிடியில் இருந்தது. வோல்ஃப், பிரெஞ்சு ஹவாஸ், பிரிட்டிஷ் ராய்ட்டர் மூன்றும் அதே 1870 ஜனவரியில்தான் உலகத்தைச் செய்திப் பிரதேசங்களாகப் பங்கு போட்டுக்கொண்டிருந்தன.

செய்தி பிரெஞ்சுக்குப் போகிறபோது இன்னொரு விபத்து. ஜெர்மன் ராணுவத்தில் அட்ஜுடண்ட் என்பவர் அரசருக்கு நெருக்கமான உயர் அதிகாரி. அன்று போனவர் ராட்ஸிவில் என்ற இளவரசர். பிரெஞ்சு ராணுவத்தில் அதே ஒலியுள்ள சொல் சார்ஜெண்ட் தரத்தில் உள்ளவனைக் குறிக்கும். மொழிபெயர்த்தவர்கள் ஒலியை அப்படியே வைத்துவிட்டார்கள். பிரான்ஸின் தூதருக்கு ஒரு ஹவில்தார் மூலம் பதில் போனதாகப் பாரிஸ் படித்தது. மூலத்தில் அரசரின் குரல் இருந்திருந்தால் இந்த ஒற்றைச் சொல் இவ்வளவு பாரம் சுமந்திருக்காது. பிரதி சிறுத்துவிட்டால் எஞ்சிய ஒவ்வொரு சொல்லும் கனக்கும் என்று நாம் பெருமையாகச் சொல்வோம். தவறான சொல்லும் அதே விகிதத்தில்தான் கனக்கும்.

செய்தி பாரிஸை அடைந்தது ஜூலை 14. பாஸ்டீல் தினத்தில் வந்து தேசிய உணர்வைக் குத்தியது என்று பல புத்தகங்களில் எழுதியிருக்கிறது. அது அரசாங்கத் தேசிய தினமானது 1880இல்தான். இப்படியாக, பிரதியை வெட்டிய கதைக்கும் பிற்பாடு ஜோடனைகள் சேர்ந்துகொண்டே வந்திருக்கின்றன.

15ஆம் தேதி பிரெஞ்சு சட்டசபையில் தியேர் உள்ளிட்ட சிலர், யுத்தத்துக்கு ஓட்டுப் போடுமுன் மூல ஆவணங்களைக் காட்டுங்கள் என்று கேட்டார்கள். கூச்சல் எழுந்தது. பெரும்பான்மை மறுத்துவிட்டது. எனக்கு இந்தக் காட்சிதான் சாப்பாட்டு மேஜையைவிட முக்கியமாகப் படுகிறது. மூலம் எங்கே என்று கேட்பது ஒரு சாதாரண விமர்சனச் செயல். அன்று அது தேசத் துரோகமாகத் தெரிந்தது. 19ஆம் தேதி யுத்தப் பிரகடனம். செப்டம்பர் ஆரம்பத்தில் ஸெடானில் மூன்றாம் நெப்போலியன் கைதி. 1871 ஜனவரி 18ஆம் தேதி வெர்ஸாய் அரண்மனையில் ஜெர்மன் சாம்ராஜ்யம் பிரகடனம் ஆயிற்று. அல்ஸாஸும் லொரேனின் ஒரு பகுதியும் கை மாறின. அடுத்த யுத்தத்திற்கு அங்கேயே விதை விழுந்தது.

மூலப் பிரதியைப் பற்றி ஜெர்மனியிலேயே விடாமல் பேசியவர்களில் சோஷலிஸ்ட் வில்ஹெல்ம் லீப்க்னெக்ட் முக்கியமானவர். யுத்தங்கள் எப்படித் தயாரிக்கப்படுகின்றன என்று 1891இல் இதைப் பற்றியே ஒரு பிரசுரம் போட்டார். 1862இல் இதே ‘நார்ட்டாய்ச்ச’ பத்திரிகையில் வேலை பார்த்தவர் அவர். அது பிஸ்மார்க் பக்கம் சாய்ந்ததும் வெளியேறியவர். ஆபெகனின் தந்தி 1892 நவம்பரில்தான் ஜெர்மன் நாடாளுமன்றத்தில் வாசிக்கப்பட்டது. வாசித்தவர் பிஸ்மார்க்குக்கு அடுத்து சான்ஸலராக வந்த கப்ரிவி. இருபத்திரண்டு வருஷம் தாமதம்.

4

இதற்கு ஒரு சுலபமான பதில் உண்டு. வெட்டுதான் குற்றம் என்றால் வெட்டாமல் முழுவதையும் காட்டிவிட்டால் போயிற்று. தந்திக்குச் சொல்லுக்கு இவ்வளவு என்று காசு, ஆகவே சுருக்கம். டெலிவிஷனில் அந்த நெருக்கடி இல்லை, நடப்பதை நடக்கும்போதே காட்டலாம். இந்த வாதத்தைச் சோதித்துப் பார்க்க, எம்ஸுக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் தள்ளி, ருமேனியாவுக்குப் போகலாம்.

1989 டிசம்பர் 17ஆம் தேதி திமிஷ்வாரா நகரில் ஊர்வலக்காரர்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. வெளிநாட்டுப் பத்திரிகையாளர் யாரும் உள்ளே இல்லை. எல்லைக்கு அப்பாலிருந்த செய்தி நிறுவனங்கள் வழியே 4,632 பேர் பலி என்று ஓர் எண் வந்தது. ஆயிரக்கணக்கு என்று மட்டும் சொல்லியிருந்தால் சந்தேகம் வந்திருக்கும். கடைசி இலக்கம் வரை சொன்ன எண்ணை யாரும் சந்தேகிக்கவில்லை. 22ஆம் தேதி சௌஷெஸ்கு ஹெலிகாப்டரில் தப்பியோடிய பிறகு படங்களும் வந்தன. கல்லறைத் தோட்டத்தில் தோண்டியெடுத்து வரிசையாகக் கிடத்திய உடல்கள். ஒரு பெண் உடலின்மேல் ஒரு குழந்தையின் உடல். உலகமெங்கும் டெலிவிஷன்களில் இவை ஓடின. சில வாரங்களில் உண்மை தெரிந்தது. அவர்கள் துப்பாக்கிச் சூட்டில் இறந்தவர்கள் அல்ல. அதற்கு முன் வேறு காரணங்களால் இறந்து, ஏழைகளுக்கான இடத்தில் புதைக்கப்பட்டவர்கள். அந்தப் பெண்ணும் குழந்தையும் ஒருவருக்கொருவர் உறவே இல்லை.

ஆனால் திமிஷ்வாராவில் உண்மையாகவே கொலை நடந்தது. இறந்தவர்கள் தொகை நூறை ஒட்டியது. அவர்களில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்களின் உடல்களை அரசாங்க ஆட்கள் இரவோடிரவாக ஆஸ்பத்திரியிலிருந்து புகாரெஸ்ட்டுக்குக் கொண்டுபோய் எரித்து, சாம்பலைச் சாக்கடையில் கொட்டினார்கள். கொல்லப்பட்டவர்களுக்குப் படம் இல்லை. படம் இருந்தவர்கள் கொல்லப்படவில்லை. பொய்ப் படம் பொய் என்று தெரிந்தபோது உண்மையில் இறந்தவர்கள்மீதும் சந்தேகம் படிந்தது. அந்த அநியாயத்திற்கு யார் பொறுப்பு?

புகாரெஸ்ட்டில் புரட்சிக்காரர்கள் டெலிவிஷன் நிலையத்தைப் பிடித்துக்கொண்டு இரவு பகலாக ஒளிபரப்பினார்கள். அதிலும் ஒத்திகை உண்டு. முதல் அறிவிப்பைச் செய்ய நின்றவர்களில் ஒருவர் கவிஞர் டினெஸ்கு. கேமரா ஓடப்போகிறது, வேலை செய்வதுபோல் இரு என்று பக்கத்திலிருந்த நடிகர் கராமித்ரு அவரிடம் சொன்னதும் பதிவாகியிருக்கிறது. அந்தப் புரட்சியில் இறந்த ஆயிரத்து நூற்றுக்கும் மேற்பட்டோரில் பெரும்பாலோர் சௌஷெஸ்கு ஓடிய பிறகே இறந்தார்கள். மறைந்திருந்து சுடும் பயங்கரவாதிகள் பற்றிய எச்சரிக்கைகள் நேரடியாக ஒளிபரப்பாகிக்கொண்டிருந்த நாட்கள் அவை. டிசம்பர் 25ஆம் தேதி விசாரணையில் சௌஷெஸ்கு தம்பதிமீது சாட்டிய குற்றத்தில் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் பலி என்ற எண் இருந்தது. வெட்டாமல் ஓடிய படமும் எம்ஸ் தந்தி செய்த வேலையைச் செய்தது. தந்தி கடிதத்தை எடுத்துவிட்டது. இங்கே எதையும் எடுக்க வேண்டியிருக்கவில்லை. எந்த உடல், எப்போது இறந்தது, யார் தோண்டியது என்பவை முதலிலிருந்தே சட்டகத்துக்கு வெளியே இருந்தன.

ஹாருன் ஃபரோக்கியும் ஆந்த்ரேய் உஜிகாவும் 1992இல் ‘ஒரு புரட்சியின் வீடியோகிராம்கள்’ என்று ஒரு படம் எடுத்தார்கள். அவர்கள் புதிதாகப் படம்பிடிக்கவில்லை. அந்த நாட்களில் பதிவான 125 மணி நேரத்தை 106 நிமிடமாக வெட்டினார்கள். பிஸ்மார்க் வெட்டியதைவிட எத்தனையோ மடங்கு அதிகம். ஆனால் இந்த வெட்டு உண்மைக்கு உதவுகிறது. டிசம்பர் 21ஆம் தேதி சௌஷெஸ்கு பால்கனியிலிருந்து பேசும்போது கூட்டத்தில் சலசலப்பு. படம் ஆடுகிறது, ஒளிபரப்பு அறுகிறது. படத்தை அங்கே நிறுத்தி, வீடுகளில் மக்கள் எதைப் பார்த்தார்கள், ஒளிபரப்பாகாமல் பதிவானது எது என்று இரண்டையும் காட்டுகிறார்கள். இது யார் எடுத்தது, எங்கிருந்து எடுத்தது என்று வர்ணனை சொல்கிறது. அறுந்த இடம் அறுந்த இடமாகவே தெரிகிறது.

5

வங்கியில் வவுச்சரில் ஓர் எண்ணைத் திருத்த நேர்ந்தால் பழைய எண்ணைச் சுரண்டக் கூடாது. ஒற்றைக் கோட்டால் அடிக்க வேண்டும், அடித்தது படிக்கத் தெரிய வேண்டும், பக்கத்தில் அடித்தவர் சுருக்கொப்பம் வைக்க வேண்டும். திருத்தமே கூடாது என்று யாரும் சொல்வதில்லை. திருத்தம் நடந்ததை மறைக்கக் கூடாது என்பதுதான் விதி. கவிதைக்கு வவுச்சர் விதி எதற்கு என்று கேட்பார்கள். கவிதையில் அடித்தல் திருத்தலைக் காட்ட முடியாதுதான். ஆனால் நல்ல கவிதையில் விடுபட்ட இடம் விடுபட்டிருப்பதாக வாசகனுக்குத் தெரிகிறது. அவன் அங்கே தயங்குகிறான். தவளை பாயும்போது நடுவில் தண்ணீர் இருப்பது அவனுக்குத் தெரியும். பிஸ்மார்க்கின் பிரதியில் விடுபட்ட இடத்தை ‘அதன்பேரில்’ என்ற சொல் பூசி மெழுகிவிட்டது. வாசகன் தயங்க இடமில்லை. பாய்ந்ததே தெரியாமல் அவன் அக்கரைக்கு வந்துவிடுகிறான்.

ஆகவே சொற்செட்டை நாம் ஒரு ஒழுக்கமாகக் கொண்டாடுவதை நிறுத்த வேண்டும் என்று நினைக்கிறேன். அது ஒரு திறமை. அரண்மனைக்கும் அது வேலை செய்யும், நமக்கும் வேலை செய்யும். ஒரு வெட்டு யோக்கியமானதா என்பதை நீளத்தை வைத்துத் தீர்மானிக்க முடியாது. யார் பேசுகிறார்கள், யாரிடம், எப்போது என்ற மூன்றும் வெட்டுக்குப் பிறகும் உயிரோடிருக்கின்றனவா, அல்லது அவை போன இடமாவது தெரிகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். ‘எளிமை’, ‘செறிவு’ என்று மதிப்புரைகளில் ஒற்றைச் சொல்லில் பாராட்டிவிட்டுப் போகும் பழக்கமும் எம்ஸ் தந்தியின் சின்ன வாரிசுதான்.

சென்ற இதழ்க் கடிதம் ஒன்றில், ஒரு கவிதையின் மூன்றாவது வரியிலுள்ள ‘மத்தியானம்’ என்ற சொல் அனாவசியம், அதை எடுத்துவிட்டால் கவிதை இறுகும் என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். இறுகும்தான். அந்தக் கவிதையில் கணவன் காலையில் சொன்ன சொல்லுக்கும் மனைவி சாயங்காலம் கொடுத்த பதிலுக்கும் நடுவில் இருப்பது அந்த ஒரு மத்தியானம். அதில் அவளுக்கு என்ன நடந்தது என்று கவிஞர் சொல்லவில்லை. ஏதோ நடந்தது என்று மட்டும் தெரிகிறது. அதை எடுத்துவிட்டால் அவள் வெறும் கோபக்காரி ஆகிவிடுவாள். எனக்கு அது இருக்கட்டும் என்று படுகிறது.